வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஃபுட்பால் டீம்

வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு குடோன் உண்டு. மேலே தகரம், கீழே சிமெண்ட் தரை. அதற்குள் நாலு வருசம் ஃபுட்பால் ஆடினேன். சம்பளத்துக்கு ஆடினேன்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். மாமியார் வீட்டில் ஒருமுறை கேட்டார்கள், இப்ப என்ன வேலைங்க மாப்பிள்ளை என்று. "பந்து புடிக்கற வேலைங்க" என்றேன். மாமனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். பெண் கொடுத்துப் பல வருசம் ஆகியிருந்தது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்கு முன்னால் நான் அயர்ன் மாஸ்டர். சித்திரை மாதம் ஸ்டீம் அயர்ன் மேசை முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத் தெரியும். நிற்காதவனுக்குச் சொல்லிப் பயனில்லை. படிப்பு எட்டாவது வரைக்கும்தான். மேசையை விட்டால் வேறு தெரியாது. அதனால் டீம் என்று ஒன்று வந்தபோது கேள்வி கேட்காமல் போய் நின்றேன்.

டீம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மொதலாளி ஒருமுறை வெளிநாடு போனார். துணி வாங்குகிற பையர் அவரை ஒரு ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனாராம். மைதானத்தில் இல்லை, கட்டடத்துக்குள். பக்கத்துக்கு ஐந்து பேர். சுற்றிச் சுவர். பந்து வெளியே போச்சு என்ற பேச்சே கிடையாது. சுவரில் பட்டால் திரும்பி வரும், ஆட்டம் அப்படியே போகும். மொதலாளிக்கு ஆட்டம் புரியவில்லை. ஆனால் பையர் எழுந்து நின்று கத்தியதைப் பார்த்தார். அது புரிந்தது.

திரும்பி வந்ததும் சொன்னார். "பையர் இங்க வந்தா காட்டறதுக்கு நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கோணும். குடோன்தான் இருக்குதே."

"ஆடறவங்களுக்கு எப்படீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"சம்பளம் குடு. சம்பளம் குடுத்தா அதுக்குப் பேரு புரொபஷனல்."

எங்கள் பக்கம் ஒருவர் புது மிஷின் இறக்கினால் பக்கத்துக் கம்பெனியில் இரண்டு இறங்கும். டீமும் அப்படித்தான் இறங்கியது. ஒரே வருசத்தில் சுற்று வட்டாரத்தில் ஆறு கம்பெனிக்கு ஆறு டீம். குடோன் இல்லாத கம்பெனி ஏது?

ஆள் எடுக்க மொதலாளியே கம்பெனிக்குள் ஒரு சுற்று வந்தார். செக்கிங்கிலிருந்து டி‌-ஷர்ட் கட்டைத் தூக்கி வீசுவார்கள். நான் தலை தூக்காமல் ஒரு கையால் பிடித்து மேசையில் வைப்பேன். நின்று பார்த்தார். "இவரு கோல் கீப்பரு" என்றார். முடிந்தது.

ஓவர்லாக் டெய்லர் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "பெடல் மிதிக்கற காலு பந்தையும் மிதிக்கும்" என்று அவரை எடுத்தார். கட்டிங்கில் ஒரு மாமனும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். அக்காவைக் கட்டியவர் மாமன், தம்பி மாப்பிள்ளை. இரண்டு பேரும் உடம்பில் எருமை. எடுத்தார். பேக்கிங்கில் ஒருவர். அவர் மொதலாளிக்குத் தூரத்து ஒறம்பரை, சொந்தக்காரர். ஓட மாட்டார். அவரையும் எடுத்தார்.

நிட்டிங் ஆப்பரேட்டர் ஒருவர் வங்காளத்திலிருந்து வந்தவர். எங்களில் ஃபுட்பால் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைக் கடைசியாக எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

கோச்சு தனியாக எதற்கு என்று க்யூ.சி. இன்சார்ஜையே போட்டுவிட்டார். அவர் துணி பார்க்கிற கண்ணால் எங்களைப் பார்த்தார். பாஸ் கோணலாகப் போனால் "ஆல்டரேஷன்!" என்று கத்துவார். கோல் வாங்கினால் "ரிஜெக்ட்!" நான் நிறைய ரிஜெக்ட் ஆகியிருக்கிறேன்.

இனி மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணி, பனியன் வேஸ்ட், அதை மூட்டை கட்டி விற்பார்கள். அந்தச் சமயம் ரேட்டு விழுந்து கிடந்தது. "ஏறட்டும், அப்பறம் குடுக்கலாம்" என்று மொதலாளி நிறுத்தி வைத்திருந்தார். அந்த மூட்டை எல்லாம் குடோனில்தான் கிடந்தது. ஆடுவதற்கு நடுவில் இடம் வேண்டும் என்றதும் எல்லாவற்றையும் நாலு பக்கச் சுவரோடு ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினோம். கோலுக்கு மட்டும் சந்து விட்டோம்.

பந்து அந்த மூட்டையில் பட்டால் பொத்தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அங்கேயே விழும். திரும்பாது.

நாங்கள் அதில்தான் கற்றோம். மாப்பிள்ளை ஓங்கி மூட்டையில் அடிப்பான். அவன் அடிப்பதற்கு முன்பே மாமன் அந்த மூட்டைக்கு நடக்க ஆரம்பிப்பார். ஓட மாட்டார், நடப்பார். பந்து எங்கும் போகாது என்று தெரியும். நானும் ஒரு வித்தை வைத்திருந்தேன். எதிராளி நெருக்கினால் பந்தைக் கோலுக்குப் பக்கத்து மூட்டையில் தள்ளி விடுவேன். அது நாய்க்குட்டி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அவன் என்னைத் தாண்டி ஓடிப் போனதும் நிதானமாக எடுத்துக்கொள்வேன். பார்க்கிங் என்று பேர் வைத்திருந்தோம்.

வெளி டீம்காரர்கள் வருவார்கள். சுவரில் அடித்துவிட்டுத் திரும்பி வரும் என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வராது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமன் எடுத்துக்கொண்டு போயிருப்பார். எங்கள் குடோனில் நாங்கள் தோற்றதே இல்லை.

அடுத்தவர் குடோனுக்குப் போனால் ஜெயித்ததே இல்லை.

ஏன் என்று எல்லாரிடமும் பதில் இருந்தது. நம் குடோனில் ஜெயிப்பது தன் கோச்சிங் என்றார் கோச். ஆட்டத்துக்கு முன்னால் சிவன்மலை விபூதியைப் பந்துக்குப் பூசி, என் வலது காலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைப்பார் மொதலாளி. அதனால்தான் என்றார் அவர். டெய்லர் சிலுவை போட்டுக்கொண்டுதான் இறங்குவார். அதனால்தான் என்று அவர் நினைத்தார். என் கையால்தான் என்று நான் நினைத்தேன், வெளியே சொல்லவில்லை.

வெளியூரில் தோற்றதற்கு வேறு காரணங்கள். ஒரு குடோன் வாசல் தெற்குப் பார்த்தது. இன்னொன்றில் மதியம் பிரியாணி போட்டுவிட்டார்கள். "வயித்த வெச்சுட்டு எப்படி ஓடறது? பிளான் பண்ணித்தான் போட்ருக்கானுங்க" என்றார் கோச். அவர் மூன்று தட்டு சாப்பிட்டிருந்தார்.

வெளியூரில் எங்களுக்குக் கிடைத்த ஒன்றிரண்டு கோலும் நிட்டிங்காரர் போட்டது. தோற்றுக்கொண்டிருக்கும்போது போனால் போகிறது என்று இறக்குவார்கள். எங்கள் குடோனில் இறக்கினால் அவர் மூட்டையில் தட்டிவிட்டு எதிர்ப் பக்கம் ஓடுவார், பந்து வரும் என்று. பந்து மூட்டைக்கடியில் கிடக்கும். அவர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம்.

"பந்து வராது அண்ணா" என்பார் பாவமாக.

"நீ கூப்புடு, வரும்" என்பான் மாப்பிள்ளை.

இப்படியே நாலு வருசம் போயிற்று. பையர் ஒருமுறை வந்தார். பத்து நிமிசம் பார்த்தார். "குட், குட்" என்றார். மூட்டையைப் பார்த்து ஏதோ கேட்டார். மேனேஜர் "வேஸ்ட், சார்" என்றார். எங்களைச் சொன்னாரா மூட்டையைச் சொன்னாரா தெரியாது.

மொதலாளியின் சம்பந்திக்கு அவிநாசிபாளையத்தில் கம்பெனி. அவரிடமும் டீம் இருந்தது. ஆனால் சொந்தத்துக்குள் மோதல் வேண்டாம் என்று இரண்டு டீமும் ஆடாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் மொதலாளி வீட்டில் பேரன் மொட்டைக்குக் கெடா வெட்டி விருந்து வைத்தார்கள். பந்தி பரிமாறியது நாங்கள். சம்பளம் வாங்குகிற டீம் அல்லவா.

நான் ரச வாளியோடு நின்றேன். இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ஏனுங் சம்பந்தி, உங்க டீமப் பத்திப் பேசிக்கறாங்க" என்றார் அவிநாசிபாளையத்துக்காரர்.

"என்னன்னுங்க?"

"ஊட்டுல புலி, வெளிய எலின்னு."

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். மொதலாளியும் சிரித்தார். எலும்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ஊட்டுக்கே வாங்களே, புலியப் பாத்துட்டுப் போலாம்."

"வர்றோமுங்க. தோத்தா என்ன பண்றீங்க?"

"தோத்தா டீமக் கலைச்சுட்டு குடோன்ல சரக்கு அடுக்கறேனுங்க. எனக்கும் இடம் பத்தாமத்தான் கெடக்குது."

"வாக்குங்களா?"

"வாக்குத்தானுங்க."

மொதலாளி என்னைப் பார்த்தார். "ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன். மனசுக்குள் அயர்ன் மேசை புகைந்தது. கலைந்தால் மற்றவர்கள் அவரவர் செக்சனுக்குப் போவார்கள். எனக்கு அந்த மேசைதான். நாலு வருசம் நிழலில் நின்ற உடம்பு.

ஆனாலும் பயம் பெரிதாக இல்லை. ஆட்டம் எங்கள் குடோனில்.

அந்த வாரம் மொதலாளியம்மா குடோனை எட்டிப் பார்த்தார்கள். "இந்த அழுக்குலயா சம்பந்தியம்மாவ உக்கார வெக்கப் போறீங்க? ஒறம்பரை வர்ற எடத்துல இப்படியா மூட்டையக் குமிச்சு வெப்பாங்க?" என்றார்கள்.

மொதலாளிக்குச் சுருக்கென்றது. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் ஒட்டடை அடிப்பார்கள், வெள்ளை அடிப்பார்கள், இருக்கிற நாயைக்கூடக் குளிப்பாட்டுவார்கள். இவர் குடோனைக் குளிப்பாட்டினார். வேஸ்ட்காரரை வரச் சொன்னார். ரேட்டு ஏறவில்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டார்.

மூட்டையை வண்டியில் ஏற்றியதும் நாங்கள்தான். அத்தனையையும் ஆறு பேரும் தோளில் சுமந்தோம். கடைசி வண்டி போனதும் கோச் கையைத் தட்டிவிட்டு, "பீடை ஒழிஞ்சுது. இனி ஃப்ரீயா ஆடலாம்" என்றார். நாங்களும் ஆமாம் என்றோம்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காய வேண்டும், ஆட்டத்தன்று வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். பிராக்டிஸ் இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கோச் பேசினதைக் கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். குடோன் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. கட்டிங் மேசையை ஓரமாகப் போட்டு அதன்மேல் நாற்காலி. சம்பந்தி வீட்டார் மேலே உட்கார்ந்தார்கள். காபி, மிக்சர். ரெஃப்ரி வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர்.

பந்துக்கு விபூதி. காலுக்கடியில் எலுமிச்சம்பழம். டெய்லர் சிலுவை போட்டார்.

விசில் ஊதியதும் மாப்பிள்ளை வழக்கம்போல ஓங்கி சுவரில் அடித்தான். மாமன் வழக்கம்போல அந்தப் பக்கம் நடந்தார். பந்து டமாரென்று திரும்பி, அவர் காதுக்குப் பக்கத்தில் போய், எதிராளி காலில் விழுந்தது. நான் பார்ப்பதற்குள் கோல்.

மாமன் சுவரோரத்தில் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, அங்க என்ன பண்றீங்க?"

"பந்து இங்கதானடா உளுந்துது?"

"அது கோலே ஆயிருச்சு மாமா!"

கைதட்டினார்கள். சம்பந்தியம்மா மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

இரண்டாவது கோலும் அப்படித்தான். சுவரில் பட்டு வந்தது. பேக்கிங்காரர் முதல் தடவையாக ஓடினார், சுவரில் மோதினார். ஈரம் காயாத சுண்ணாம்பு. முகம் பூராவும் வெள்ளை.

மூன்றாவது கோல் நான் போட்டது.

எதிராளி இரண்டு பேர் நெருக்கினார்கள். நாலு வருசப் பழக்கம். பந்தைக் கோலுக்குப் பக்கத்துச் சுவரில் தள்ளினேன். பார்க்கிங். சுவர் அதைத் திருப்பித் தந்தது. என் காலுக்கு நடுவே புகுந்து என் கோலுக்குள்ளேயே போய் நின்றது. எதிராளி இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

"ரிஜெக்ட்!" என்றார் கோச்.

பாதி ஆட்டம் முடிந்து ஓரமாக வந்து உட்கார்ந்தோம். எல்லார் மேலும் சுண்ணாம்பு. சுடுகாட்டுச் சாமியார்கள் மாதிரி இருந்தோம்.

"டிபெக்ட் எங்கன்னே தெரியலியே" என்றார் கோச்.

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "மூட்டை இல்லீங்க."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

"ஏ அண்ணாச்சி" என்றார் டெய்லர் மெதுவாக. "அப்போ நாலு வருசமா செயிச்சது நாம இல்லியா? மூட்டயா?"

"அந்த மூட்டய வேற நம்மளே தூக்கிப் போட்டமே மாமா" என்றான் மாப்பிள்ளை.

"மூட்டையா உங்களுக்குக் கோச்சிங் குடுத்துச்சு?" என்று கோச் எரிந்து விழுந்தார்.

நிட்டிங்காரர் பெஞ்சிலிருந்து சொன்னார். "அண்ணா, நான் எத்தனை வாட்டி சொன்னேன். பந்து வராது, பந்து வராது. நீங்க எல்லாம் சிரிச்சீங்க." அவர் ஊரில் சந்துக்குள் சுவரோடு ஆடி வளர்ந்தவர். எங்களோடு நாலு வருசமும் அவருக்குச் சுவரே கிடைக்கவில்லை.

அவரை இறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரை எடுப்பது என்பதுதான் கேள்வி. எடுக்க வேண்டியவர் மொதலாளிக்கு ஒறம்பரை. கோச் மொதலாளி பக்கம் பார்த்தார். நல்ல வேளையாகப் பேக்கிங்காரர் கண்ணில் சுண்ணாம்பு எரிகிறது என்று குழாயடிக்குப் போயிருந்தார்.

"அவரு வர்ற வரைக்கும் நீ நில்லு" என்றார் கோச் நிட்டிங்காரரிடம். டெய்லர் எழுந்து போனார். குழாயடியில் பேக்கிங்காரரிடம், "அண்ணாச்சி, கண்ணு ரொம்பச் செவந்துருக்கு. கழுவுங்க, நல்லா நேரம் எடுத்துக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் கண்டது நாலு வருசத்தில் காணாதது. நிட்டிங்காரர் சுவரில் தட்டினார், எதிராளியைச் சுற்றி ஓடினார், பந்து அந்தப் பக்கம் வந்து அவருக்காகக் காத்திருந்தது. கோல். திரும்ப ஒருமுறை அதே மாதிரி. கோல். ஓடும்போது சுவரை ஒருமுறை கையால் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது யார் போட்டது என்று இன்றைக்கும் சண்டை. மாப்பிள்ளை ஆத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். பந்து சுவரில் பட்டு, மாமன் முதுகில் பட்டு, உள்ளே போனது. மாமன் அப்போதும் சுவரோரத்தில் பந்து தேடிக்கொண்டிருந்தார். அடித்தது தான் என்கிறான் மாப்பிள்ளை. முதுகு தன்னுடையது என்கிறார் மாமன்.

சமம். கொஞ்ச நேரம்தான் பாக்கி. மொதலாளி மேசைமேல் எழுந்து நின்றுவிட்டார். வெளிநாட்டில் பையர் நின்றாரே, அப்படி.

எதிராளி ஒருவன் தனியாக வந்தான். அடித்தான். பந்து என் நெஞ்சில் பட்டு முன்னால் விழுந்தது. இன்னும் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். என் கால் தானாகச் சுவர்ப்பக்கம் தள்ளப் போயிற்று. சுவர் வெள்ளையாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். அப்படியே பந்துமேல் விழுந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். டி‌-ஷர்ட் கட்டு பிடிப்பது போல.

"எந்திரிங்க" என்றார் ரெஃப்ரி.

"மூச்சு வரலீங்க" என்றேன். பொய்தான். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

எதிராளி டீம்காரர்கள் என்னைச் சுற்றி நின்று இழவு வீட்டில் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் ரெஃப்ரி வாட்சைப் பார்த்து ஊதினார். எழுந்துவிட்டேன்.

மேசையிலிருந்து இரண்டு சம்பந்திகளும் இறங்கி வந்தார்கள்.

"தோத்தா கலைக்கறேன்னு சொன்னீங்க" என்றார் சம்பந்தி.

"தோக்கலீங்களே."

"ஜெயிக்கவும் இல்லியே சம்பந்தி."

மொதலாளி யோசித்தார். எதிலும் கணக்காக இருப்பவர். "பாதி தோத்திருக்காங்க. பாதி ஜெயிச்சிருக்காங்க. அப்ப பாதி நாள் செக்சன்ல வேலை, பாதி நாள் ஆட்டம். குடோன்லயும் பாதி சரக்கு" என்றார். "வாக்கும் தப்பல. சரிங்களா?"

"சரியாத்தானுங்க இருக்குது" என்றார் சம்பந்தி. பிறகு சுற்றிப் பார்த்தார். "ஆனா குடோன் அருமையா வெச்சிருக்கீங்க. வெள்ளையெல்லாம் அடிச்சு."

மொதலாளி முகத்தில் அன்றைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "எந்தப் பாதிங்க?" என்றேன்.

"என்ன எந்தப் பாதி?"

"மேசை எந்தப் பாதிங்க. காலைலயா, மத்தியானமா?"

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். சுண்ணாம்பு வழிந்துகொண்டிருந்தது. "காலைல மேசை. வெயிலுக்கு முன்ன. போ" என்றார்.

மறுநாள் காலை அயர்ன் எடுத்தேன். கை மறக்கவில்லை. மத்தியானம் குடோனுக்குப் போனேன். கோச் பழையபடி தன் கோச்சிங்கில்தான் சமம் ஆனது என்று நிட்டிங் செக்சனில் சொல்லிக்கொண்டிருந்தார். பேக்கிங்காரர் கண் கழுவி முடித்திருந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைக்க, பெஞ்சுக்கு மேல் ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தார்கள். அவர் சந்தோசமாகப் போனார்.

லாரியிலிருந்து சரக்குப் பெட்டி இறங்கியது. எங்கே அடுக்க என்று லோடுமேன் கேட்டார். நடுவில் வேண்டாம், மூன்று பக்கம் சுவரோரமாக அடுக்குங்க என்றேன். பனியன் பெட்டியில் பட்டாலும் பந்து பொத்தென்று அங்கேயே விழும், அது எங்களுக்கு. நாலாவது சுவரை அப்படியே விடச் சொன்னேன். அது நிட்டிங்காரருக்கு.